கூலண்ட் குறைகிறது, ஆயில் மூடியில் நுரை: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம். ரிசர்வ் டேங்கிலும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததுமே பல ஷெட்டுகளில் வருகிற தீர்ப்பு, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டைக் கழட்டணும்." இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். சில சமயம் அது உண்மையிலேயே போயிருக்கும். ஆனால் கூலண்ட் எங்கே போகிறது என்பது ஒரு கேள்வி, ஆயிலுக்குள் ஈரம் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதிலாக இருந்தே தீரவேண்டும் என்றில்லை. ஹெட்டைக் கழட்டினால் கேஸ்கெட், போல்ட், லேத் வேலை, டைமிங் வேலை, கூலி என்று செலவு நீண்டுகொண்டே போகும். அதற்கு முன்னால் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் ஆறேழு இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று.

முதலில் மூடியா டிப்ஸ்டிக்கா (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதிகம் பேர் பயந்துபோவது இங்கேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். ஆயில் நன்றாகச் சூடாகும் வண்டியில் அந்த ஈரம் ஆவியாகி, பிசிவி வால்வு (அந்த ஆவியை வெளியேற்றும் வால்வு) வழியாக மறுபடி இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துபோகும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிற வண்டியில் அதற்கு நேரமே கிடைக்காது. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம், அது கூலண்டின் சூடு, ஆயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் வெகுநேரம் ஆகும். இன்ஜினிலேயே ரொம்பக் குளிர்ச்சியான இடங்களில் ஒன்று அந்த மூடி, ஆகவே ஆவி அங்கே படிந்து ஆயிலோடு சேர்ந்து நுரையாகிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இது சாதாரணம், மழைக்காலத்தில் சென்னையிலும் பார்க்கலாம்.

அதனால் என் கணக்கில் மூடியைவிட டிப்ஸ்டிக்குக்குத்தான் மதிப்பு அதிகம். மூடியில் படலம் இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக, அதன் நிறத்திலேயே இருந்தால், மூடியைத் துடைத்துவிட்டு நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, அடுத்த சில நாள் கவனியுங்கள். டிப்ஸ்டிக்கே பால் கலந்ததுபோல வெளிறி, ஆயில் அளவும் ஏறியிருந்தால் அது வேறு கதை, வண்டியை ஓட்டவே கூடாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் ஆயிலில் கலந்தால் அமிலமாக மாறி பேரிங்குகளைத் தின்றுவிடும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். "நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று, இன்ஜின் சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் அந்த வால்வைக் கழட்டி எறிந்துவிட்ட வண்டிகள் ஏராளம். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு அது கழட்டப்பட்டதே தெரிந்திருக்காது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சாலையில் காற்று பட்டதும் குளிர்ந்துபோகும், ஆயில் சூடேறாது, ஈரம் உள்ளேயே தங்கும். மூடியில் நுரை திரும்பத் திரும்ப வருகிறது, கூலண்ட் மட்டம் மட்டும் அசையாமல் நிற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதை, அடுத்தது பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்பதை.

சரி, மட்டம் உண்மையிலேயே குறைகிறதா? ஒரு பைசா செலவில்லாத சோதனை இதற்கு இருக்கிறது. காலையில் இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் கோடு போட்டு ஒரு வாரம் அதே நேரத்தில் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டம் ஏறும், ஆறினால் இறங்கும், மாலையில் பார்த்ததையும் காலையில் பார்த்ததையும் ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் பலர். இந்த ஒரு வாரத்தில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலண்ட் கசிந்து காய்ந்த இடத்தில் பச்சையோ சிவப்போ ஒரு கறை விடும், தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த நிறம் மங்கி, கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

மட்டம் குறைவது உறுதியானால் பிரஷர் டெஸ்ட்தான் முதலில். என்னிடம் ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றாலும் இதைத்தான் வாங்குவேன். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக ஒரு கைப் பம்ப்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். பல ஜப்பானிய வகை மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும், கிட்டத்தட்ட அத்தனை பார் அழுத்தம். அதைத் தாண்டி ஏற்றினால் நல்ல ஹோஸும் பிய்ந்துபோகலாம். ஏற்றிவிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் நல்லது. மெல்ல இறங்கினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிய வேண்டியதுதான்: ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் ஓரம், வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சின்னத் துளை. அந்தத் துளையைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது என்று அர்த்தம், ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் உள்ளே போகிறது. அப்போதும் இதே கருவி உதவும். அழுத்தத்தை இரவு முழுக்க விட்டுவைத்து, காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டி இன்ஜினைச் சுற்றவிட்டால், கூலண்ட் இறங்கிய சிலிண்டரின் துளையிலிருந்து தூறலாகத் தெறிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இக்னிஷன், இன்ஜெக்டர் இரண்டின் மின் இணைப்பையும் கழட்டிவிட்டுச் செய்யுங்கள். இந்தச் சோதனையின் பலவீனம், ஆறிய இன்ஜினில் மூடிக்கொண்டு, சூடேறி உலோகம் விரிந்தபின் மட்டும் திறக்கிற கசிவுகளை இது தவறவிடும் என்பதுதான்.

கூடவே ரேடியேட்டர் மூடியையும் அதே பம்ப்பில் மாட்டிச் சோதிக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கூலண்ட் சீக்கிரமே ரிசர்வ் டேங்குக்கு ஏறி அங்கிருந்து வழிந்துபோகும், எங்கேயும் ஓட்டையே இருக்காது. மூடியில் உள்ள இன்னொரு சின்ன வால்வு அடைத்திருந்தால், இன்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடக்கும்.

பிளாக் டெஸ்ட் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பிரஷர் டெஸ்ட் கூலண்டை வெளியே தள்ளிப் பார்க்கிறது, இது எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறதா என்று மோப்பம் பிடிக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு மேலே இருந்து காற்றை இழுப்பார்கள். கரியமிலவாயு இருந்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். நிறம் மாறும்போது பார்த்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. ஆனால் கூலண்ட் மட்டத்தை முன்கூட்டியே இறக்கிவைக்காமல் செய்தால் கூலண்டே குழாய்க்குள் ஏறித் திரவத்தைக் கெடுத்துவிடும், அந்த முடிவுக்கு மதிப்பில்லை. இன்னும் முக்கியம், நிறம் மாறவில்லை என்றால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேஸ்கெட் கூலண்ட் வழிக்கும் ஆயில் வழிக்கும் இடையில் போயிருந்தால் அங்கே எரிந்த வாயு வராது, இந்தச் சோதனைக்கு அது தெரியவே தெரியாது. மேட்டில் ஏறும்போது மட்டும் திறக்கிற சிறு கசிவும் நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் தெரியாமல் போகலாம்.

இந்தக் கிட் இல்லாத ஷெட்டுகளில் ஆறிய ரேடியேட்டரைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். தப்பில்லை, ஆனால் கூலண்ட் மாற்றிய பிறகு சிக்கிய காற்றும் குமிழியாகத்தான் வரும். அது கொஞ்ச நேரத்தில் அடங்கும். கேஸ்கெட் வழியாக வருவது அடங்காது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடும்.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் ஏற்றுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, இந்தக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். மற்றபடி, கூலண்டைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுகிற இன்ஜினிலும் எல்லா சிலிண்டரும் நல்ல அளவு காட்டும். "கம்ப்ரெஷன் நல்லா இருக்கு, கேஸ்கெட் ஓகே" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். லீக் டவுன் டெஸ்ட் அதைவிடப் பல மடங்கு மேல். பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பிளக் துளை வழியாகக் கம்ப்ரெஸர் காற்றை விட்டு, அது எங்கே தப்பிக்கிறது என்று கேட்பது. ஆயில் மூடியில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல் விட்ட ஹெட். எந்த சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும். நேரம் பிடிக்கும், பொறுமையான ஆள் வேண்டும், அவ்வளவுதான் குறை.

ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு லேப் சோதனையும் உண்டு. சோடியம், பொட்டாசியம் அளவு திடீரென்று ஏறியிருந்தால் அது கூலண்டில் இருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வெறும் ஈரத்தில் அவை வராது. சூடான தட்டில் ஒரு சொட்டு ஆயில் விட்டு வெடிக்கிறதா என்று பார்ப்பது விரைவான வழி, ஆனால் ஈரம் இருப்பதை மட்டும் சொல்லும், மூலத்தைச் சொல்லாது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் சம்ப்பின் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போல்ட்டை மெல்லத் தளர்த்தினால், தனியாகப் பிரிந்து நிற்கும் தண்ணீர் எடை காரணமாக முதலில் வரும். வந்தால் மேற்கொண்டு பேச்சில்லை. வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை, முழுதாகக் கலந்துபோன தண்ணீர் பிரிந்து நிற்காது.

புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம், சூட்டிலேயே காய்ந்துபோகிற மெல்லிய கசிவுகளுக்கு நல்லது. சில நாள் ஓட்டிவிட்டுத் தேட வேண்டும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் முன்னால் லீக் அடைக்கும் பவுடர், மஞ்சள் தூள் வகையறாவைப் போடவே போடாதீர்கள், ஓட்டையைப் பாதி அடைத்து எல்லாச் சோதனையையும் கெடுத்துவிடும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து.

கேஸ்கெட்டில் பழுதே இல்லாமல் அதே அறிகுறிகளைக் காட்டும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பல டீசல் இன்ஜின்களில் ஃபில்டர் பக்கத்தில், கூலண்டை வைத்து ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர். இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலண்டைவிட அதிகம், அதனால் ஆயில் ரேடியேட்டருக்குள் வரும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் போய்விடும், கூலண்ட் சூட்டில் இன்னும் அழுத்தத்தோடு இருக்கும், இப்போது கூலண்ட் ஆயிலுக்குள் போகும். டேங்கில் எண்ணெய்ப் பிசுக்கு மிதந்து, பிளாக் டெஸ்ட்டில் நீலம் மாறாமல் நின்றால் ஆயில் கூலரை முதலில் கழட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள், ஹெட்டைவிடச் சின்ன வேலை. இன்னொன்று டீசலில் இஜிஆர் கூலர், அதாவது இன்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் கூலண்டால் குளிர்விக்கும் பகுதி: வெளியே கசிவில்லை, ஆயில் சுத்தம், ஆனால் கூலண்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது என்றால் இஜிஆர் குழாயின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் சீட்டுக்காரரின் காலடியில் கார்பெட் நனைந்திருப்பதும் இப்படித்தான் குழப்பும். ஏசி வடிகால் அடைத்திருந்தால் வெறும் தண்ணீர், ஹீட்டர் கோர் (சூடான கூலண்ட் ஓடி கார் உள்ளே வெப்பம் தரும் சின்ன ரேடியேட்டர்) ஓட்டையென்றால் விரலில் வழுவழுப்பும் இனிப்பு வாடையும் இருக்கும். நம் பக்கம் ஹீட்டரை யாரும் போடுவதில்லை, அதனால் அங்கே கசிவதும் நெடுநாள் கண்ணில் படாது.

எல்லாம் பார்த்தபிறகும் ஹெட்டைக் கழட்டத்தான் வேண்டும் என்றால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். நேர்ப்பட்டையை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று உங்கள் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு வரம்பு 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான், உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஓவர் ஹீட் ஆன வண்டியென்றால் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்வதற்கு முன்பே ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று லேத்தில் அழுத்தம் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும், விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேசிங் கூலி வீண்.