புதிய மடிக்கணினியா, கழித்துவிட்ட அலுவலகச் சிறுகணினியா?

வீட்டுக்கு ஒரு கணினி வாங்க நினைப்பவருக்குக் கொழும்பில் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: புதிய மடிக்கணினி, பாகங்களைத் தெரிவுசெய்து கடையில் பொருத்துவிக்கும் மேசைக் கணினி, வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட பின் இறக்குமதியாகும் அலுவலகச் சிறுகணினி. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மாடிக்கு மாடி ஏறி இறங்கினால் மூன்றையும் விலை கேட்டுவிடலாம். எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்கு நான் எடுத்தது மூன்றாவது வகை. ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

எங்கள் தேவை பெரிதல்ல. உயர்தரம் படிக்கும் மகனுக்கு சூம் வகுப்பு, எனக்குத் தமிழ்த் தட்டச்சும் கணக்குகளும், இரவில் ஒரு படம். விளையாட்டுக்கும் வீடியோத் தொகுப்புக்கும் தனி கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும் என்பவர்கள் பொருத்துவிக்கும் மேசைக் கணினியைத் தவிர வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை. நமது மின்கட்டணம் அலகு கூடக் கூடப் படிப்படியாக ஏறுவது என்பதை மட்டும் அவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். அந்த வேலைகளை நான் செய்வதில்லை என்பதால் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசுவது முறையல்ல.

மடிக்கணினியின் பலம் எல்லோரும் அறிந்ததே. பல்கலைக்கழகத்துக்கும் அலுவலகத்துக்கும் தூக்கிச் செல்பவருக்கு அதுவே சரி. மின்வெட்டிலும் அது கைகொடுக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததையோ, 2025 பெப்ரவரியில் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கியதையோ மறந்தவர் இல்லை. ஆனால் வீட்டு மேசையை விட்டு நகராத மடிக்கணினிக்கு அந்தப் பலத்தில் பாதி வீணாகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது விலையோ வேகமோ அல்ல, நான்காம் ஐந்தாம் ஆண்டில் ஏதாவது ஒரு பாகம் பழுதானால் என்ன செய்வது என்ற கேள்விதான். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் (ராம்), பாகங்கள் எல்லாம் இணையும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. எட்டு ஜிபியோடு வாங்கினால் இறுதிவரை எட்டு ஜிபிதான். விசைப்பலகையில் ஓரெழுத்து வேலை செய்யாவிட்டால், பல வகைகளில் மேல்மூடி முழுவதையுமே மாற்ற வேண்டியிருக்கும். பற்றரி எப்படியும் தேயும். திரையின் பிணைச்சல் தளர்ந்தால் அது சட்டத்தையும் சேர்த்து உடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்த மாதிரிக்கே உரிய பாகத்தைத் தேட வேண்டும். அது கிடைக்கும்வரை பிள்ளையின் வகுப்பு நின்றுபோகும்.

சிறுகணினியில் நிலைமை வேறு. டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரு லீற்றர் கொள்ளளவுக்குள் அடங்குபவை. அலுவலகத்தில் பழுதுபார்ப்பவர் விரைவாகத் திறக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை. என்னிடமுள்ளதில் பின்புறம் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றி மூடியை முன்பக்கமாகத் தள்ளினால் உள்ளே எல்லாம் கண்முன்னே கிடக்கும். வாங்கிய கையோடு அதைத் திறந்தபோது, விசிறியின் இதழ்களில் தூசு படிந்திருந்தது. செயலியின் சூட்டைக் கடத்த அதன் மீது பூசியிருந்த வெப்பப் பசை காய்ந்த திருநீறு போல உதிர்ந்தது. தூசைத் தட்டிப் புதிய பசை பூசி, ஒரு நாணயம் அளவிலான சிஆர்2032 பற்றரியையும் மாற்றிவிட்டு, இரண்டாவது இடத்தில் இன்னொரு எட்டு ஜிபி நினைவகத்தைச் செருகினேன். அது மடிக்கணினிகளில் போடும் சாதாரண நினைவகமே. எந்தக் கடையிலும் கிடைக்கும். திரை, விசைப்பலகை, சுட்டி எல்லாம் வெளியே இருப்பதால் எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றினால் போதும். நாளெல்லாம் தமிழ் தட்டுகிறவருக்கு முழு அளவு விசைப்பலகை கைக்குச் செய்யும் உபகாரம் தனி.

பழையதை எடுப்பவர் செயலியின் தலைமுறையைப் பார்த்து எடுக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் மிகச் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை முதலானவற்றையே முறைப்படி ஏற்கும். ஐ5-8500டி என்ற செயலிப் பெயரில் கோட்டுக்குப் பின்வரும் முதல் இலக்கம் 8 என்பதே அந்தத் தலைமுறையைக் குறிக்கிறது. கடைசியில் வரும் டி, குறைந்த மின்சாரம் இழுக்கும் 35 வாற்று வகை என்பதற்கான அடையாளம். ஐ5-6500டி பொருத்தியவை மலிவாகக் கிடைக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பழகியவர் எடுக்கலாம், மற்றவர்கள் அந்த மலிவில் மயங்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி பெயருக்குத்தான், கமரா கிடையாது, வகுப்புக்குத் தனியாக வாங்க வேண்டும். சிலவற்றில் வைஃபை அட்டை இராது. சிலவற்றில் டிஸ்பிளே போர்ட் என்ற திரை இணைப்பு மட்டுமே இருப்பதால் பழைய மொனிட்டருக்கு ஓர் இணைப்பு மாற்றி தேவைப்படும். மின்வெட்டின்போது பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் அவசியம். அதன் பற்றரியும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டியதே என்பதால் பராமரிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தக் கணினி குறைந்த மின்சாரமே இழுப்பதால், ரவுட்டரையும் சேர்த்து அதே யூபிஎஸ்ஸில் செருகலாம். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் உப்புக்காற்று எதை முதலில் அரிக்கும் என்பதை என் ஒரு கணினியை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கடையை விட்டு வெளியேறுமுன் அங்கேயே அதை இயக்கி, டெல் என்றால் எஃப்2, லெனோவோ என்றால் எஃப்1, எச்பி என்றால் எஃப்10 விசையை அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயோஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் சென்று பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், முன்பு வைத்திருந்த நிறுவனத்தின் பூட்டு இன்னும் நீக்கப்படவில்லை என்று பொருள், எடுக்காதீர்கள். அதே நிறுவனத்தின் அடப்டர்தானா என்றும் பாருங்கள், டெல் போன்றவை தம் அடப்டரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். உத்தரவாதக் காலத்தை வாய்ச்சொல்லாக விடாமல், கணினியின் தொடரிலக்கத்தோடு பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.