வீடு தேடிப் போவதா, கிளினிக்குக்கு வரச் சொல்வதா?

சமூக நலச் செவிலியருக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது.

நேரம்
கிளினிக்: ஒரே காலையில் பலரைப் பார்த்துவிடலாம்.
வீடு: பாதி நேரம் வழியிலேயே போய்விடும்.

தகவல்
கிளினிக்: எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை ஒரே இடத்தில். ஆனால் "மாத்திரை ஒழுங்காப் போடுறேன்" என்றால் நம்பத்தான் வேண்டும்.
வீடு: மாத்திரை அட்டையை வாங்கி எண்ணலாம். பத்து குறைய வேண்டிய இடத்தில் நான்குதான் குறைந்திருக்கும்! குடிநீர்ப் பாத்திரம் திறந்து கிடப்பதும், முதியவர் வழுக்கும் தரையில் நடப்பதும் வீட்டில்தான் கண்ணில் படும்.

தொற்று
கிளினிக்: காத்திருக்கும் இடத்தில் இருமுபவரும் கைக்குழந்தையும் பக்கத்துப் பக்கத்தில்.
வீடு: தொற்றைச் சுமப்பது நம் பைதான். செய்தித்தாளை விரித்து அதன்மேல் வையுங்கள். சோப்பும் துண்டும் பையின் மேலறையில் இருக்கட்டும். கை கழுவாமல் உள்ளே கைவிடக் கூடாது. பச்சிளங்குழந்தை உள்ள வீடு முதலில், பிறகு கர்ப்பிணி, சளியில் கிருமியுள்ள காசநோயாளி கடைசியில். வழி சுருக்கம் என்று இந்த வரிசையைக் கலைப்பதுதான் வழக்கமான தவறு.

தடுப்பூசிக்குக் கிளினிக்தான்: பெரும்பாலானவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரும், போட்டபின் கண்காணிப்பும் வேண்டும். பிரசவமான முதல் வாரம், படுத்த படுக்கை, மருந்தைப் பாதியில் நிறுத்தியவர் என்றால், யோசிக்காமல் வீட்டுக்குப் போங்கள்.