போலோவுக்கு 15 மி.மீ. வீல் ஸ்பேசர்: எதை வாங்கலாம், எப்படி மாட்ட வேண்டும்

ஃபோக்ஸ்வேகன் போலோவின் சக்கரங்கள் ஃபெண்டருக்குள் சற்று உள்வாங்கி நிற்பவை. அவற்றை வெளியே கொண்டுவர, சக்கரத்துக்கும் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் பாகம்) நடுவில் வைக்கும் உலோக வளையமான ஸ்பேசரைத் தேடினால் மூன்று வகை கண்ணில் படும். எல்லா காருக்கும் பொருந்தும் என்று விற்கிற தட்டையான தகடு ஒன்று. அந்தந்த காரின் ஹப் அளவுக்கே கடைந்த ஹப்-சென்ட்ரிக் ஸ்பேசர் இன்னொன்று. ஹப்பில் தனியாக முடுக்கிவிட்டு, அதன்மேல் சக்கரத்தை மாட்டுகிற போல்ட்-ஆன் ஸ்பேசர் மூன்றாவது.

எங்கள் முடிவு இதுதான்: போலோவுக்கு இரண்டாவதை வாங்கலாம். முதலாவதை இலவசமாகக் கொடுத்தாலும் மாட்ட வேண்டாம். மூன்றாவது, 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு மட்டும். புதிதாக அலாய் வாங்கப் போகிறீர்கள் என்றால் மூன்றுமே வேண்டாம். சரியான ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்) கொண்ட அலாயாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒரு பாகம் குறைவாக இருப்பதுதான் எப்போதும் நல்லது.

கடைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டிய எண்கள்: போலோவின் பி.சி.டி. 5×100 (ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.), சென்டர் போர் (சக்கரத்தின் நடுத்துளை) 57.1 மி.மீ., போல்ட் மரை எம்14×1.5 (விட்டம் 14 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ.), முடுக்கு அளவு 120 நியூட்டன் மீட்டர். சக்கரத்தில் ஈ.டி. 40 (மி.மீ.-இல் ஆஃப்செட்) என்று பொறித்திருந்தால், 15 மி.மீ. ஸ்பேசர் போட்டதும் அது ஈ.டி. 25 ஆகிவிடும். சில ஜெர்மன் நிறுவனங்கள் ஆக்ஸிலுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு விற்கின்றன. அட்டையில் 30 என்று இருந்தால் ஒரு பக்கத்துக்கு 15 என்று பொருளாக இருக்கலாம். ஒரு பக்கத்தின் தடிமனைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் வகையான அந்தத் தட்டைத் தகட்டை ஏன் இவ்வளவு கடுமையாக ஒதுக்குகிறோம்? கையில் எடுத்துப் பாருங்கள். போல்ட் துளைகள் வட்டமாக இருக்காது. 4×100, 5×100, 5×114.3 என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்க நீள்வட்டமாக வெட்டியிருப்பார்கள். நடுத்துளை எந்த ஹப்பையும் பிடிக்காத அளவுக்கு அகலம். துளைகள் தின்றது போக, சக்கரத்தைத் தாங்க மிஞ்சியிருக்கும் பரப்பு கொஞ்சம்தான். ஆனால் சக்கரத்தைப் பிடித்துவைப்பதே அந்தப் பரப்புதான். போல்ட்டின் வேலை சக்கரத்தை ஹப்போடு சேர்த்து இழுத்து நெரிப்பது. அந்த நெரிப்பால் இரண்டு பரப்புகளுக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் காரின் எடையையும் பிரேக்கின் விசையையும் தாங்குகிறது. நெரிப்பு தளர்ந்தால் எடை போல்ட்டின் மேல் வளைக்கும் விசையாக விழும். 185/60 ஆர்15 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 530 சுற்று சுற்றுகிறது. அத்தனை முறை போல்ட் ஒரு பக்கம் வளைந்து மறுபக்கம் நிமிர்கிறது. கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்.

இரண்டு பி.சி.டி. இருந்தாலே மட்டமான பொருள் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தில் 5×100, 5×112 இரண்டுக்கும் சென்டர் போர் 57.1 உள்ள கார்கள் உண்டு. அதனால் ஒரே ஸ்பேசரில் தனித்தனியாகப் பத்து வட்டத் துளைகள் போட்டு நல்ல நிறுவனங்களே விற்கின்றன. துளை வட்டமா, நீள்வட்டமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஹப்-சென்ட்ரிக் ஸ்பேசருக்கு இரண்டு முகம். உள்முகத்தில் இருக்கும் 57.1 குழி ஹப்பின் விளிம்பில் போய் உட்காரும். வெளிமுகத்தில் அதே 57.1 அளவில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் அதில் உட்காரும். சக்கரம் மையத்தில் நிற்பது இதனால்தான். 3 முதல் 5 மி.மீ. வரை உள்ள மெல்லிய ஸ்பேசரில் வெளி விளிம்பு இருக்காது என்றாலும், ஹப் விளிம்பில் கொஞ்சம் மிஞ்சி நின்று சக்கரத்தைப் பிடிக்கும். சிக்கல் 8 மி.மீ. பக்கத்தில்தான். ஹப் விளிம்பை ஸ்பேசர் விழுங்கிவிடும்; சொந்தமாக விளிம்பு கடையவும் அதில் தடிமன் போதாது. அந்த அளவைத் தவிர்த்துவிட்டு 15-க்குப் போவதே மேல். மையம் தப்பினால் 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்ஸிங் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது, ஏனென்றால் பேலன்ஸிங் மெஷினில் சக்கரம் மையத்தில்தான் சுற்றுகிறது.

ஹெச் அண்ட் ஆர், ஐபாக் இரண்டும் இந்த வகையில் நம்பி வாங்கக்கூடியவை. ஜெர்மனியில் டியூவி போன்ற சோதனை அமைப்பின் சான்றிதழோடு விற்கப்படுபவை. எந்த காருக்கு, எந்தச் சக்கரத்துக்கு, என்ன நிபந்தனையோடு என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். பெயரில்லாத பொருளை வாங்குவதானால் வெர்னியர் எடுத்துப் போங்கள். வட்டத்தைச் சுற்றி ஆறு இடத்தில் தடிமன் பாருங்கள். 0.1 மி.மீ. வித்தியாசம் வந்தாலே வைத்துவிட்டு வந்துவிடலாம். வார்ப்பு அலுமினியம் வேண்டாம். 6061-டி6 அல்லது 7075-டி6 என்ற உறுதியான அலுமினியக் கலவையைக் கேளுங்கள். ஒட்டும் முகத்தில் தடித்த பெயின்ட் இருந்தால் அதுவும் வேண்டாம். பெயின்ட் நாளடைவில் நசுங்கி மெலியும், அந்த அளவுக்கு போல்ட்டின் இழுப்பு தளர்ந்துபோகும். அனோடைஸ் செய்தது (மின்முறையில் மேற்பரப்பைக் கெட்டியாக்கியது) பரவாயில்லை.

இனி போல்ட். ஸ்பேசரை விட அதிக கவனம் கேட்பது இதுதான், ஆனால் கடைகளில் அலட்சியமாக விடப்படுவதும் இதுதான். போலோவில் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட் மாட்டுகிற மரைக் கம்பி) கிடையாது, போல்ட் நேராக ஹப்புக்குள் போகிறது. எனவே ஸ்பேசரின் தடிமன் அளவுக்கே போல்ட்டும் நீள வேண்டும். பழைய போல்ட்டில், தலைக்கடியில் உட்காரும் பகுதி முடிகிற இடத்திலிருந்து நுனி வரை அளந்துகொள்ளுங்கள். 27 மி.மீ. வந்தால், 15 மி.மீ. ஸ்பேசருக்கு 42 மி.மீ. போல்ட். நீளம் குறைந்தால் மரையில் பிடி போதாது. போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது மரைக்குள் போக வேண்டும்: 14 மி.மீ. என்றால் ஒன்பது சுற்றுக்கு மேல். இதைச் சோதிக்க எளிய வழி, ஸ்பேசர் இல்லாமல் ஒரிஜினல் போல்ட்டைக் கையால் திருகி, சக்கரம் ஒட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுவது. ஸ்பேசரும் புது போல்ட்டும் போட்டபிறகு அதே எண்ணிக்கை வர வேண்டும்.

நீளம் கூடினாலும் ஆபத்துதான். இந்திய போலோவின் பின்சக்கரத்தில் டிரம் பிரேக். ஹப்பின் பின்புறம் எட்டிப் பார்க்கிற போல்ட் நுனி உள்ளே இருக்கும் பிரேக் பாகங்களில் இடிக்கும். எனவே காரை இறக்குமுன், ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் அந்த போல்ட் வேண்டாம்.

தலைக்கடியில் இருக்கும் வடிவமும் பொருந்த வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் ஒரிஜினல் சக்கரத்துக்கு உருண்டை வடிவம். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு போல்ட்டைப் போட்டால், பரப்பாகப் பதியாமல் ஒரு மெல்லிய கோடாக மட்டுமே தொடும். டார்க் ரெஞ்ச் (முடுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) 120 காட்டி ‘கிளிக்’ என்று சொல்லும், ஆனால் அது பொய்யான இறுக்கம். அலாய் நசுங்க நசுங்கத் தளரும்.

மாட்டும் வேலையில் பாதி சுத்தம் செய்வதுதான். சமதரையில் நிறுத்தி, எதிர்ச்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஹப் முகத்தையும் விளிம்பைச் சுற்றியுள்ள மூலையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உலோகம் தெரியச் செய்யுங்கள். அந்த மூலையில் தங்கும் துருதான் ஸ்பேசரை முழுதாக உட்காரவிடாது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு திருகின் தலை மேலே துருத்தக் கூடாது. ஸ்பேசரை வெறும் கையால் ஹப்பில் அழுத்தி, நான்கு பக்கமும் பெருவிரலால் மாறி மாறித் தட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் எடுத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். சக்கரத்தின் பின்முகத்துக்கும் இதே சோதனை.

ஹப் விளிம்பில் மட்டும் காப்பர் கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். இரும்பும் அலுமினியமும் மழைநீரில் அரித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது போதும். ஒட்டும் முகத்திலும் மரையிலும் கிரீஸ் படக் கூடாது. 120 என்பது காய்ந்த மரைக்கான கணக்கு. எண்ணெய் பட்ட மரையில் அதே 120 போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும்.

ஸ்டட் இல்லாததால் ஸ்பேசரையும் சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கிப் பிடிப்பது சிரமம். தலை வெட்டிய பழைய எம்14 போல்ட் ஒன்றை மேல்துளையில் திருகி வைத்தால் இரண்டும் அதில் தொங்கி நிற்கும். மற்ற நான்கையும் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். பிறகு அந்த வழிகாட்டியைக் கழற்றி ஐந்தாவதைப் போட்டு, நட்சத்திர வரிசையில் முதலில் 50, சக்கரம் தரையைத் தொட்டதும் 120. டயர் கடையின் ஏர் கன்னை இந்த வேலைக்கு அனுமதிக்காதீர்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ரெஞ்ச் வைக்க வேண்டும். 500-இல் இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு போல்ட் நகர்ந்துகொண்டே இருந்தால் முகம் சரியாக ஒட்டவில்லை. மேலும் இறுக்குவது தீர்வல்ல, கழற்றிப் பாருங்கள்.

போல்ட்-ஆன் வகையைப் பெரும்பாலும் ஸ்டட் உள்ள கார்களுக்குத்தான் வாங்குகிறார்கள். ஸ்விஃப்ட் என்றால் எம்12×1.25 மரை, ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஐ20 என்றால் எம்12×1.5. கடைக்காரர் இரண்டையும் ‘எம்12’ என்று ஒரே வாயில் சொல்லிவிடுவார். மரையின் பிட்ச் (மரை இடைவெளி) மாறி நட்டை ஏற்றினால் மரை போய்விடும். காரின் ஒரிஜினல் ஸ்டட் ஸ்பேசரின் வெளிமுகத்தைத் தாண்டி நீட்டினால் சக்கரம் ஸ்டட் நுனியில் உட்காரும். அலாயின் பின்முகத்தில் அதற்குப் பள்ளம் இருந்தால் தப்பிக்கும், இல்லையென்றால் தடிமனான ஸ்பேசர்தான் வழி. டிஸ்க்கைப் பிடிக்க ஆலையில் ஸ்டட்டில் மாட்டிய மெல்லிய கிளிப் இருந்தால் அதைக் கழற்ற மறக்கக் கூடாது. இந்த வகையின் பெரிய குறை என்னவென்றால், உள்நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. 100 கி.மீ.க்குப் பிறகு மறுமுடுக்கு செய்ய நான்கு சக்கரத்தையும் கழற்றியாக வேண்டும். பலர் வெளிநட்டை மட்டும் முடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஓட்டும்போது என்ன மாறும்? ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள இடைவெளி மாறிவிடுவதால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும். ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் தார் என்று பிரேக் போட்டால் கார் விலகப் பார்க்கும். வீல் பேரிங்கும் முன்னைவிடச் சீக்கிரம் தேயும். இதனால் பின்புறம் மட்டும் 15 மி.மீ. போடுவதையே பரிந்துரைக்கிறோம், பார்வைக்கு அதுவே போதும், ஸ்டியரிங்கின் குணமும் கெடாது. மாட்டியதும் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து வேகத்தடையில் ஏற்றி இறக்கி, டயர் ஃபெண்டரின் மடிப்பில் உரசுகிறதா என்று பாருங்கள். முன்புறமும் போட்டிருந்தால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் முன்பே எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய அன்றே, கழற்றிய ஒரிஜினல் போல்ட்டுகளில் ஐந்தை ஒரு துணியில் சுற்றி ஸ்டெப்னிக்குள் வைத்துவிடுங்கள். பஞ்சர் ஆகி, ஸ்பேசரை எடுத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டும் நிலை வந்தால், 42 மி.மீ. போல்ட் ஒரிஜினலைவிட 15 மி.மீ. கூடுதலாக உள்ளே போய் பிரேக்கில் இடிக்கும். அப்போது அந்தக் குட்டை போல்ட்டுகள் கையில் இல்லையென்றால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.