“கெமிக்கலே இல்ல மேடம்”: பாண்டி பார்லரில் என் மகளின் சுருட்டை முடிக்கு நடந்தது

சுருட்டை முடிக் குழந்தையைப் பார்லருக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள். கடையின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் கடலூர், மஞ்சக்குப்பம். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது. அவள் அப்பா வீட்டு முடி. விட்டால் தோளோடு நிற்கும், இழுத்துப் பிடித்தால் இடுப்பு வரை வரும். சின்னவளுக்கு ஆறு. அவளுக்கு என் அம்மாவின் முடி, பட்டு நூல் மாதிரி. கிளிப் குத்தினால் அரை மணி நேரத்தில் வழுக்கிக் கீழே கிடக்கும். இரண்டு பேருக்கும் ஒரே சீயக்காய், ஒரே சீப்பு. சனிக்கிழமை தலைக்குக் குளித்தால் சின்னவளுக்குப் பத்து நிமிடம் போதும். பெரியவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவள் அழுகை, என் கத்தல் எல்லாம் சேர்த்து.

ஆவணியில் நாத்தனார் கல்யாணம், திருவந்திபுரத்தில். “இவ தலைய இப்படியே விட்டா போட்டோவுல குருவிக்கூடு மாதிரி தெரியும்” என்றார் என் மாமியார். எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புதான். பழியை அவர் மேல் மட்டும் போட மாட்டேன்.

இன்ஸ்டாகிராமில் பாண்டி பார்லர் ஒன்றின் விளம்பரம்: குழந்தைகளுக்கான கெரட்டின் ஸ்பா, அதாவது சுருட்டை முடியை நேராக்குவது, 1,800 ரூபாய். போன் செய்து கெமிக்கல் உண்டா என்று கேட்டேன். “கெமிக்கலே இல்ல மேடம். கெரட்டின்னா புரோட்டீன். பாப்பாவோட முடியே கெரட்டின்தான்.” கடைசி வாக்கியம் உண்மை என்பதால் முழுசையும் நம்பிவிட்டேன்.

போனதும் அந்தப் பெண் முடியைத் தொடக்கூட இல்லை, “ஐயோ, ஃபுல் டேமேஜ்” என்றாள். சுருட்டையாக இருப்பது டேமேஜ் இல்லை என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அடர்த்தி அதிகம், நீளம் அதிகம் என்று 1,800 ரூபாய் 5,500 ஆனது. பஸ் ஏறி வந்தாகிவிட்டது, திரும்பிப் போகவா என்று சரி சொன்னேன்.

ஒரு வெள்ளை பாட்டிலிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி, பிரஷ்ஷால் தடவி, காயவைத்து, அயர்ன் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கற்றைக்கும் ஏழெட்டு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் புகை. கடைப் பெண்கள் இரண்டு பேரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். குழந்தைக்கு இல்லை. போதாததற்கு டேபிள் ஃபேனை அவர்கள் முதுகுப் பக்கம் வைத்திருந்தார்கள், புகை மொத்தமும் இவள் முகத்துக்கு வந்தது. கண்ணில் தண்ணீர், விடாத இருமல். “வெறும் நீராவி மேடம்.” நீராவி எங்கேயாவது கண்ணைக் கரிக்குமா? நான் கேட்கவில்லை. என் மகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். அன்று ராத்திரியே அரிப்பு. மறுநாள் காதுக்குப் பின்னால் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம். பயந்துபோய் அலசிவிட்டேன். கல்யாணத்தன்று முடி என்னவோ நேராகத்தான் இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இரண்டு வாரத்தில் தலையணை முழுக்க முடி. தோல் மருத்துவர் ஒரு முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார். வேரோடு உதிர்ந்த முடியில் ஒரு நுனியில் வெள்ளையாகக் குட்டி முடிச்சு இருக்குமாம். இவள் முடியில் இரண்டு பக்கமும் மொட்டை. அதாவது உதிரவில்லை, நடுவில் ஒடிந்திருக்கிறது. வேருக்கு ஒன்றும் ஆகவில்லை, வளர்ந்துவிடும் என்றார். ஆனால் வெளியே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது, அதனால் கெட்ட பகுதி தானாக ஆறாது, வெட்டித்தான் ஆக வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்போலத்தான் வளரும். இடுப்பு வரை வந்த முடி இப்போது காது வரை.

கடைக்குப் போனால், “நீங்க மூணு நாளுக்குள்ள அலசிட்டீங்க, அதுவும் உப்புத் தண்ணியில. நாங்க ஸ்பாதான் பண்ணோம், பில்லைப் பாருங்க.” பார்த்தேன். ‘ஸ்பா – 1’ என்று மட்டும் இருந்தது. இலவசமாக ரிப்பேர் ட்ரீட்மென்ட் செய்கிறோம் என்று வேறு சொன்னார்கள்.

காப்பாற்றியது சின்னவள். அன்றைக்குப் போரடிக்கிறது என்று என் போனை வாங்கி, கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்திருக்கிறாள். நாற்பது போட்டோ. பாதி அவள் கால் விரல். ஒன்றில் அந்த வெள்ளை பாட்டிலின் பின்பக்க லேபிள் தெளிவாக இருந்தது. அதில் மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயர். மருத்துவரிடம் காட்டினேன். ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்தால் அதற்குப் பெயர் மெத்திலீன் கிளைக்கால். சூடு பட்டால் மறுபடி ஃபார்மால்டிஹைடு வாயுவாகக் கிளம்பும். அன்றைக்கு வந்த ‘நீராவி’ அதுதான். ஃபார்மாலின் என்கிறோமே, அதுவும் இதே சரக்கு. முதுநகரில் மீனை ஃபார்மாலின் போட்டிருக்கிறானா என்று முகர்ந்து பார்த்து வாங்குகிறவள் நான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

‘ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ’ என்று போட்டிருந்தாலும் நிம்மதியாக உட்கார முடியாது. அவற்றில் பலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அதைப் போட்டு மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கிண்ணத்தில் ஊற்றுவதற்கு முன்பே பாட்டிலை வாங்கிப் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் என்ன சரக்கு போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

இவ்வளவும் எதற்கு நடந்தது என்றால், எனக்குச் சுருட்டை முடியை வாரத் தெரியாததால். நேர் முடியில் தலையின் எண்ணெய்ப்பசை சரசரவென்று நுனிவரை இறங்கிவிடும். சின்னவளுக்குச் சீக்கிரமே பிசுபிசுப்பது அதனால்தான். சுருளில் அது வளைவுகளைத் தாண்டி இறங்காது, நுனி காய்ந்தே கிடக்கும். வளைகிற இடமெல்லாம் ஒடிகிற இடம். நான் செய்துகொண்டிருந்தது நேர் எதிர்: பெரியவளுக்கு நன்றாகக் காய்ந்தபின் சின்னப் பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பேன். இப்போது கண்டிஷனர் போட்டு, ஈரத்திலேயே, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறேன். துண்டால் தேய்ப்பதில்லை, அப்பாவின் பழைய பனியனால் ஒற்றி எடுக்கிறேன். சின்னவளுக்கு இது ஆகாது. நேர் முடி ஈரத்தில் இழுத்தால் அறுந்துவிடும், பாதி காய்ந்தபின்தான் சீப்பு. வீட்டில் இப்போது இரண்டு சீப்பு, செலவு அறுபது ரூபாய்.

புகாருக்கு முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். கடை மசியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பாண்டிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த வாய்தா கார்த்திகையில். நாற்பது போட்டோவையும் பென்டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன், கால் விரல் உட்பட.