‘பர்மீஸ் டேஸ்’: 150 ரூபாய் மாணவர் பதிப்பை வாங்காதீர்கள்

எங்கள் பக்கம் செட்டியார் வீடுகளில் வரிசையாக நிற்கும் தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. அந்தத் தேக்கை வெட்டி விற்ற வெள்ளைக்காரர்களைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நாவல்தான் ‘பர்மீஸ் டேஸ்’. காரைக்குடியில் பிறந்த பிள்ளை படிக்க வேண்டிய கதை என்று, பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் என் பேத்திக்காக ஆன்லைனில் ஒரு மாணவர் பதிப்பை வாங்கினேன். ஆர்வெல் 1950-இல் இறந்தவர். இந்தியச் சட்டப்படி 2011 முதல் அவர் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் மலிவுப் பதிப்புகள் குவிந்து கிடக்கின்றன.

தாள், எழுத்து, தையல் எதிலும் குறை இல்லை. குறை உள்ளே இருக்கிறது.

நான் முப்பது வருடம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவள். பெங்குவின் வெளியிட்ட பழைய பிரதி ஒன்று என்னிடம் உண்டு. பேத்தி படித்துக்கொண்டு வரும்போது இரண்டாம் அத்தியாயத்தில் ஏதோ தட்டியது. அது வெள்ளைக்காரர்களின் கிளப். ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று எல்லிஸ் என்பவன் பட்லரிடம் கேட்கிறான். ஐஸை உருகாமல் வைப்பது மிகவும் சிரமமாக இருக்கிறது என்று பட்லர் நல்ல இங்கிலீஷில் பதில் சொல்கிறான். அகராதியை விழுங்கிவிட்டாயா, வேலைக்காரன் கொச்சையாகத்தான் பேச வேண்டும் என்று எல்லிஸ் எரிந்து விழுகிறான். இவ்வளவு நன்றாகப் பேசினால் இவனை வேலையை விட்டே அனுப்ப வேண்டியதுதான் என்கிறான். மாணவர் பதிப்பில் பட்லர் ஐஸ் குறைவாக இருக்கிறது என்கிறான், எல்லிஸ் சரி என்கிறான். அவ்வளவுதான். நம் நிறத்தைச் சொல்லித் திட்டும் அந்தக் கெட்ட வார்த்தையும் புத்தகம் முழுக்கக் காணோம். சுருக்கியது, திருத்தியது என்று அட்டையிலோ உள்ளேயோ ஒரு வரி கிடையாது.

எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. பர்மாவுக்குப் போனவர்கள் என்றால் இங்கே செட்டியார் கடைகளுக்குப் போனவர்கள் கதையைத்தான் நிறையப் பேசுவார்கள். எங்கள் அய்யா, அதாவது என் அப்பாவின் அப்பா, குன்றக்குடிப் பக்கத்திலிருந்து ரங்கூனுக்குப் போய் வெள்ளைக்காரர் வீட்டில் பட்லராக இருந்தவர். 1942-இல் நடந்தே திரும்பி வந்தவர். தெரிந்த இங்கிலீஷைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டால்தான் துரை வீட்டில் காலம் தள்ள முடியும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அதே காட்சியை ஆர்வெல் 1934-இல் அச்சில் ஏற்றியிருக்கிறார். அதைத்தான் இந்தப் பதிப்பகம் வெட்டி எடுத்திருக்கிறது.

என்னுடைய பழைய பிரதியைப் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் பிடித்த இடம் வேறு. அந்தப் பட்லரை அறிமுகம் செய்யும்போது, கறுத்துப் பருத்த திராவிடன், நாயின் கண்கள் போன்ற கண்கள் என்று எழுதியிருக்கிறது. “எல்லிஸ் திட்டுறான், அவன் கெட்டவன், சரி அப்பத்தா. ஆனா நாய்க் கண்ணுன்னு சொல்றது எல்லிஸ் இல்லையே, எழுதினவர்தானே? இதைத் தடை பண்ணினா என்ன?”

அவள் சொன்னது சரி. முப்பது வருடமாக அந்த வரியை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்து, அந்த ஆட்சியையே வெறுத்து வெளியேறியவர் ஆர்வெல். ஆனாலும் நம் ஆளைப் பார்க்கும்போது அவர் கண் அப்படித்தான் பார்த்திருக்கிறது. வீராசாமி என்ற டாக்டர் நல்லவர், படித்தவர். அவரையும் குட்டையான, கறுத்த, குண்டு மனிதர் என்றுதான் கொண்டுவருகிறார். வகுப்பில் நிறத்துக்காகக் கேலிக்கு ஆளாகும் பிள்ளை ஒன்று இருந்தால், இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கும்போது மற்ற பிள்ளைகள் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் ஆசிரியர் பக்கத்தில் இருந்து பேசாமல் பிள்ளைகளிடம் இதைத் தள்ளிவிடக் கூடாது என்பேன். ஆனால் தடை வேண்டாம். வெட்டவும் வேண்டாம். நாய்க் கண் வரியை எடுத்துவிட்டால் ஆர்வெல்லுக்கு நல்ல பெயர், எல்லிஸின் வசவை எடுத்துவிட்டால் துரைமாருக்கு நல்ல பெயர். என் அய்யாவுக்கு என்ன கிடைக்கிறது? நம் பழைய புத்தகங்களில் சாதி சொல்லித் திட்டும் வரிகளும் இப்படித்தான். அவற்றை வழித்து எடுத்துவிட்டால், என் அப்பா டீக்கடையில் தனி கிளாஸில் குடித்ததை என் பேத்தியின் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இந்த நாவலுக்கு வெட்டும் திருத்தமும் புதிதில்லை. அவதூறு வழக்கு வருமோ என்ற பயத்தில் லண்டனில் தயங்கினார்கள், அதனால் முதலில் நியூயார்க்கில்தான் வந்தது. 1935-இல் லண்டனில் வந்தபோது பெயர்களை மாற்றித்தான் போட்டார்கள். அப்போதாவது வழக்குப் பயம் என்று ஒரு காரணம் இருந்தது.

பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி செய்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அப்படியானால் அதை அட்டையில் போடுங்கள் என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. பணமும் திரும்பவில்லை.

வாங்குகிறவர்கள் முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், நூறு ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை. கடையிலேயே இரண்டாம் அத்தியாயத்தைப் பிரித்து அந்த பட்லரைத் தேடுங்கள். எல்லிஸ் அவனிடம் அகராதியைப் பற்றிக் கேட்கவில்லை என்றால் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள்.