ஐந்து வருட ஆர்ஓ மெஷினும் அந்த டிடிஎஸ் பேனாவும்

எதிர் வீட்டு அக்கா போன வாரம் கேட்டார்: "உங்க வீட்டு மெஷின் எப்படிம்மா, நாங்களும் அதையே வாங்கிடலாமா?" கேட்டது, தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டும் எங்கள் ஆர்ஓ மெஷினைப் பற்றி. வாசலில் நின்று சொல்லி முடிகிற பதிலாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) காவிரியும் போர்வெல்லும் கலந்துதான் கிடக்கும். 2024 கோடையில் காவிரி சரியாக வராமல் முழுக்க போர் தண்ணீர்தான். டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, 900 மில்லிகிராமைத் தாண்டியது. அதில் துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் வேகாது. டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் அதே பருப்பு மூன்றாவது விசிலில் குழைந்துவிடும். ஐந்து வருடமாக இந்த ஒன்றுக்காகவே மெஷினைக் கொண்டாடினேன். வெளியேறும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கிறோம், அதிலும் எனக்குக் குறையில்லை.

என் ஆத்திரமெல்லாம் அந்த டிடிஎஸ் பேனா மேல்தான். சர்வீஸுக்கு வருகிற தம்பி டம்ளரில் அதை முக்கி எடுத்து, "38 மேடம், சுத்தமான தண்ணி" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்குப் போடுகிற கருவி. கிருமி அதன் கண்ணில் படாது. குடிநீர்த் தர விதி ஐஎஸ் 10500 ஈயத்துக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். முழு எண்களில் பேசுகிற பேனாவுக்கு அது எங்கே தெரியும்?

ஜூலையில் தெருவைத் தோண்டி மூடிய பிறகு குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை வந்தது. பேனா 210 காட்டியது. காவிரி வரும் நாளில் எப்போதும் காட்டுகிற எண். சின்னவளுக்கு அந்த வாரம் வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. மனசு கேட்காமல் எச்2எஸ் பரிசோதனை பாட்டில் இரண்டு வாங்கினேன்; தண்ணீரில் மலக் கிருமி இருந்தால் கறுத்துக் காட்டும். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர். மறுநாள் காலையில் குழாய் பாட்டில் கறுத்துவிட்டது. அதை எதிர்பார்த்தேன். மாலையில் மெஷின் பாட்டிலும் கறுத்தபோதுதான் கை நடுங்கியது. அந்தத் தண்ணீரைத்தானே காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுத்தேன்.

மெஷின் டேங்க் மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவினேன். சுவரெல்லாம் வழவழவென்று பாசி. எங்கள் மெஷினில் கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு டேங்குக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) வடிகட்டிய தண்ணீரில் குளோரினும் மிஞ்சாது. தேங்கி நிற்கிற அந்த ஏழு லிட்டருக்குக் காவல் எதுவும் இல்லை. வருட ஒப்பந்தம் போட்டும் ஒருநாளும் யாரும் டேங்கைத் திறந்ததில்லை. போன் செய்தால், "டிடிஎஸ் சரியாத்தானே இருக்கு மேடம்?" என்கிறார்கள்.

அக்கா வீட்டில் போர்வெல் இல்லை, காவிரி மட்டும்தான். பேனா அங்கே 200-க்குள் காட்டும். விதிப்படி 500 வரை ஏற்கத்தக்கது. அந்த அளவுக்குக் கீழே ஆர்ஓவுக்குத் தடை விதிக்கும்படி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே அரசிடம் சொல்லியிருக்கிறது. அக்கா, நீங்கள் வாங்காதீர்கள். கொதிக்க வைத்து, மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துக் குடியுங்கள். இன்றைக்கு இருக்கிற மனநிலையில் எங்கள் வீட்டுக்கே கேட்டாலும் வேண்டாம் என்பேன், பருப்பு வேகாவிட்டாலும் சரி.

எச்2எஸ் பாட்டில் ஒரு குறிப்புதான், முடிவு லேபில்தான் தெரியும். 100 மில்லியில் மலத்திலிருந்து வரும் ஈகோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. லேபில் கொடுத்த கிருமி நீக்கிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். டேங்கைத் தேய்த்துக் கழுவியாயிற்று. புதிதாக நிரப்பிய எச்2எஸ் பாட்டில் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. 24 மணி நேரம் ஆகிறது, இன்னும் கறுக்காமல் மஞ்சளாகத்தான் இருக்கிறது. நாளை மாலை வரை பார்க்க வேண்டும். அதுவரை அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கிறது.