எழும்பூரா, தஞ்சாவூரா? சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர அருங்காட்சியகம்

சேலத்திலிருந்து பிள்ளைகளைப் பெரிய கலை அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் இரண்டு இடங்கள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஒன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். இன்னொன்று தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கிற கலைக்கூடம். இரண்டுக்கும் அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வந்துவிட்டேன். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. கோடை விடுமுறையில் எழும்பூர், காலாண்டு விடுமுறையில் தஞ்சாவூர். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: எது நல்லது, வழிகாட்டி வைக்கலாமா, நாமே சுற்றிக் காட்டினால் போதாதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முதல் அருங்காட்சியகம் தஞ்சாவூராக இருக்கட்டும். அதற்கு மேலே என்றால் எழும்பூர், அதுவும் ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிடும் எண்ணம் இல்லாமல். எந்த ஊரானாலும் வழிகாட்டி இருந்தால் நல்லதுதான். ஆனால் அவரிடம் உள்ளே போகும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சுதான் முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. கொல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவில் பழையது அதுதான். பாந்தியன் சாலையில் 6 கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் பெரியவர்களுக்கு ஓர் ஆசை வந்துவிடும். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எல்லாவற்றையும் காட்டிவிடுவோம் என்று. நாங்களும் அப்படித்தான் செய்தோம். விடுமுறைப் பிள்ளைகளுக்காகத் தனியார் ஒருவர் நடத்திய சுற்றுலாக் குழு ஒன்றில் சேர்ந்தோம். முப்பது பிள்ளைகள், ஒரே வழிகாட்டி, ஒன்றரை மணி நேரம், மூன்று கட்டடங்கள். வழிகாட்டிக்கு விஷயம் நிறையத் தெரியும், அதில் குறையே இல்லை. அமராவதிச் சிற்பங்கள் முன்னால் நின்று கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த தூபியைப் பற்றி அருமையாகச் சொன்னார். ஆனால் முப்பது பேரை நகர்த்த வேண்டுமே. "வாங்க, வாங்க, அடுத்தது" என்பதுதான் பிள்ளைகள் காதில் அதிகம் விழுந்தது.

வெண்கலச் சிலைகள் வைத்திருக்கும் படிமக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் படிமம். சின்னவன் அதன் முன்னால் நின்றுவிட்டான். "அத்தை, நம்ம திருச்செங்கோட்டுச் சாமி!" என்றான். மலை மேலே படியேறிப் போய்ப் பார்த்த சாமியை இங்கே கண்டுகொண்ட சந்தோஷம் அவனுக்கு. அப்புறம் விரலை மடக்கி எண்ணினான். "இந்தப் பக்கம் ரெண்டு கை, அந்தப் பக்கம் ஒண்ணுதான். ஏன்?" எவ்வளவு நல்ல கேள்வி! வலப்பக்கம் சிவன், அவருக்கு இரண்டு கை. இடப்பக்கம் பார்வதி, அவளுக்கு ஒன்று. ஆக மூன்றே கை. அந்தச் சிற்பி கணக்கைச் சமன்செய்யாமல் விட்டதால்தான் இரண்டு உடல்கள் ஓர் உடலானது நமக்கு உறைக்கிறது. ஆனால் அவன் கேட்டபோது வழிகாட்டி இரண்டு சிலை தள்ளிப் போய்விட்டார். நானும் "வாடா, கூட்டத்தை விட்டுடப் போறோம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

குழு முடிந்ததும் நாங்கள் மூன்று பேர் மட்டும் திரும்பி அந்தச் சிலையிடம் வந்தோம். தரையில் உட்காராமல், சுவரில் சாயாமல், பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்தோம். ஒரு பக்கம் இடுப்பு நேராக இறங்குகிறது, மறுபக்கம் வளைகிறது. பெரியவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். ஒன்றரை மணி நேரச் சுற்றில் பார்த்த அத்தனையிலும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னது இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

தஞ்சாவூருக்கு அந்தப் பாடத்தோடு போனோம். அரண்மனை வாசலில் வழிகாட்டிகள் நிற்பார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். கூலி பேசும்போதே சொன்னேன்: "ஐயா, நாலு சிலை போதும். ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம். பிள்ளைங்க முதல்ல பார்க்கட்டும், அப்புறம் நீங்க சொல்லுங்க." கொஞ்சம் யோசித்தார். பிறகு "அப்படின்னா நான் ஒண்ணு காட்டுறேன், வாங்கம்மா" என்று நேரே ரிஷபவாகன தேவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

இந்தச் சிலையும் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததுதான். ராஜராஜன் காலம், 1011ஆம் ஆண்டு. பக்கத்தில் இருக்கும் அம்மன் அடுத்த வருடம், 1012இல் செய்தது. தலையில் முடியைத் தலைப்பாகை போலச் சுற்றி, பாம்புகளை அதில் செருகி, ஒரு காலை மற்றொரு காலுக்குக் குறுக்கே வைத்து, ஒரு கையை மடக்கி எதன் மேலோ ஊன்றியபடி சிவன் நிற்கிறார். எதன் மேல்? அங்கே ஒன்றுமே இல்லை.

வழிகாட்டி ஐயா தேதி சொல்லவில்லை, அரசன் பெயர் சொல்லவில்லை. "தம்பி, இந்தச் சாமி எது மேல கை வச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டார். சின்னவன் "சுவத்து மேல" என்றான். பெரியவள் "யாரோ தோள் மேல" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார். சின்னவன் ஓரடி தள்ளிப் போய் அதே மாதிரி காலைக் குறுக்கே போட்டுக் கையை மடக்கி நின்று பார்த்தான். விழப் பார்த்தான். "கீழ ஏதோ இருக்கணும், இல்லாட்டி விழுந்துடுவாரு" என்றான். "அதான் தம்பி. அங்க காளை இருந்துச்சு. இப்ப இல்ல" என்றார் அவர். உடனே அவன் சிலையைத் தொடாமல் தள்ளியே குனிந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, காளையாக நின்றான். பெரியவள் அவன் முதுகுக்கு மேலே கையை வைத்து உயரத்தை அளந்தாள். ஆயிரம் வருடம் முன்பு காணாமல் போன காளையோ, இடையில் எப்போதோ தொலைந்ததோ, அந்தப் பத்து நிமிடத்தில் அது அங்கே இருந்தது.

இந்த இடத்தில்தான் வழிகாட்டி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது. என்னிடம் கேட்டிருந்தால் நான் "அங்கே நந்தி இருந்திருக்கும் கண்ணு" என்று உடனே சொல்லியிருப்பேன். சொல்லாமல் காத்திருக்கத் தெரிவது பழகிய ஆளுக்குத்தான் வரும்.

அடுத்து, பெரியவளின் கேள்வி. எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், அண்ணன் வெள்ளிக் கொலுசு வேலை. அவள் பிறந்ததிலிருந்து கொலுசைப் பார்த்து வளர்ந்தவள். அம்மன் காலருகே குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல திருகாணி இல்லையே, எப்படிப் போட்டிருப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தது. நகையைத் தனியாகச் செய்து போடவில்லை, உடம்போடு சேர்த்தே மெழுகில் செய்தது என்றார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வது, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பது, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடுவது, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது, ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பது. அச்சு உடைந்துபோவதால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான், இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். "எங்கப்பா பட்டறையில அச்சு உடைய மாட்டாது" என்று அவள் சொன்னதும் அவர் நின்று, அவளிடம் கொலுசு வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நாலு சிலைக்கு ஒத்துக்கொண்டோம், மூன்றுதான் பார்த்தோம். ஐம்பது நிமிடம் ஓடிவிட்டது.

மேட்டூரிலிருந்து இறங்கும் தண்ணீர்தான் அந்த வண்டலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று திரும்பி வரும்போது சொன்னேன். முசிறிப் பக்கம் ஆற்றைப் பார்த்ததும் இருவரும் ஜன்னலோரம் வந்துவிட்டார்கள்.

சரி, வழிகாட்டி கிடைக்காவிட்டால்? நாமே காட்டலாம், தாராளமாக. முந்தின நாள் இரவு உட்கார்ந்து மூன்றே மூன்று பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளை கண்டுபிடிக்கக்கூடியது ஒன்று இருக்க வேண்டும். எழும்பூரில் திருவாலங்காட்டு நடராசர் அதற்கு ரொம்ப நல்லது. பிள்ளைகள் கோயிலில் பார்த்த நடராசருக்கு விரிந்த சடை இருக்கும், சுற்றித் திருவாசி என்கிற நெருப்பு வளையம் இருக்கும். இவருக்கு இரண்டும் இல்லை. "நம்ம ஊர்க் கோயில்ல இருக்கிறவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். நாமே காட்டுவதில் ஒரு வசதி, பிள்ளைக்குச் சலித்த நொடியே வெளியே வந்துவிடலாம். குறை என்னவென்றால் கொலுசுக் கேள்வி மாதிரி ஒன்று வந்தால் கையை விரிக்க வேண்டியதுதான்.

கைபேசியில் விளக்கம் கேட்டுக்கொண்டு சுற்றுவதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவே மாட்டேன். ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டால் ஒருவர் பார்த்ததை மற்றவர் கேட்க முடியாது.

இனி பயணக் கணக்கு. இதில் இரண்டும் சமம் இல்லை. எழும்பூருக்குச் சேலத்திலிருந்து இரவு ரயிலே இருக்கிறது, எழும்பூர் நிலையத்திலேயே இறங்கலாம். ஆனால் விடியும் முன்பே கொண்டுபோய் இறக்கிவிடும். அருங்காட்சியகம் திறக்கும்வரை பிள்ளைகளை எங்கே வைத்துக்கொள்வது? சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்து, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுநாள் போகிறவர்களுக்கு எழும்பூர் சுகம். தூக்கம் கெட்ட பிள்ளையை அர்த்தநாரீசுவரர் முன்னால் நிறுத்திப் பயனில்லை. தஞ்சாவூர் நாமக்கல், திருச்சி வழியாகக் காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறும் முன் உள்ளே போய்விடலாம். மதியத்துக்கு மேல் அரண்மனை முற்றம் கொதிக்கும், அப்போது வேண்டாம். எழும்பூர் வளாகத்தில் மரநிழல் உண்டு, கட்டடத்துக்குக் கட்டடம் நடப்பது சிரமமாக இராது.

இரண்டு இடத்திலும் திமிங்கல எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் பார்த்துவிட்டால் சின்னப் பிள்ளைகளின் மனது அங்கேயே தங்கிவிடும்.

ஏற்காட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மட்டும் எழும்பூரில் தனியாக ஒரு காரணம் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவருடைய நினைவிடம் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கோடரிகளையும் அவர் சேகரித்தார், அவர் சேகரிப்பு எழும்பூருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. முதலில் ஏற்காட்டில் அந்த நினைவிடத்தைக் காட்டிவிட்டு, பிறகு சென்னையில் கல் கருவிகளைக் காட்டினால், நம் மலையிலும் கோடரி தேய்த்தவர்கள் இருந்தார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும். கலைக்கூடத்துக்கு வெளியே இதற்காகப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது தகும்.

இவ்வளவு தூரம் போகும் முன் ஒத்திகை பார்க்க நமக்குப் பக்கத்திலேயே தாரமங்கலம் இருக்கிறது. கைலாசநாதர் கோயில், கெட்டி முதலியார்கள் எடுத்தது. சேலத்திலிருந்து பேருந்தில் போய் அரை நாளில் திரும்பிவிடலாம். அங்கே ராமன் ஒரு தூணில், வாலியும் சுக்ரீவனும் வேறொரு தூணில். ராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் நின்றால் ராமன் தெரியமாட்டான். ஒரு பிள்ளையை இங்கேயும் ஒரு பிள்ளையை அங்கேயும் நிறுத்தி, "தெரியுதா?" என்று கேட்கச் சொல்லுங்கள். சிற்பத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும் என்பதை நாம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, அந்தத் தூண்கள் சொல்லிக் கொடுத்துவிடும். எங்கள் சின்னவன் தஞ்சாவூரில் சிலையைப் பக்கவாட்டில் போய்ப் பார்த்தது தாரமங்கலத்துப் பழக்கம்தான்.

அரையாண்டு விடுமுறைக்குத் திரும்ப எழும்பூர் போகலாம் என்று பெரியவள் கேட்டிருக்கிறாள். இந்த முறை குழு வேண்டாம், படிமக் கூடம் மட்டும் போதும் என்றும் அவளே சொல்லிவிட்டாள். போகிறவர்கள் எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பராமரிப்புக்காகச் சில கூடங்கள் மூடியிருப்பது உண்டு. அப்புறம், எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.